மேனேஜர் மூச்சுத் திணறிய ஞாயிறு

லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவரிடம் லிஃப்டைப் பற்றிக் கேட்டால் இரண்டு வார்த்தையில் பதில் வரும். மீனைப் பற்றிக் கேட்டீர்களோ, தொலைந்தீர்கள். வேலைக்குப் போகும் கட்டடங்களின் வாட்ச்மேன்கள், டீ கொண்டுவருகிறவர்கள், லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட அப்பாவிகள் எல்லாருக்கும் அவர் வீட்டு அரோவானா மீனின் சௌக்கியம் அத்துப்படி. ஒரு முறை உள்ளே சிக்கிய கணக்காளர் ஒருவருக்கு, கதவு திறப்பதற்குள் மீனின் சாப்பாட்டு முறை முழுக்க மனப்பாடம் ஆகிவிட்டதாம்.

மீனின் பெயர் மேனேஜர். நாள் முழுக்க ஒரு வேலையும் செய்யாமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உலாத்தும், உள்ளே வருகிறவர்களை முறைக்கும், சாப்பாட்டு நேரத்தை மட்டும் மறக்காது. வேறென்ன பெயர் வைப்பது? கை நீளத்துக்கு வளர்ந்த உடம்பு, செதில் ஒவ்வொன்றும் காசு அளவு. கூடத்தில் ஒரு சுவர் முழுக்க அதன் தொட்டிதான். சோபாவுக்கு இடமில்லை. வருகிறவர்கள் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்தால், வேலை கேட்டு வந்தவர்கள் மாதிரியே இருக்கும்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடு உரித்த இறால், அல்லது முள் எடுத்த மீன் துண்டு. அதுவும் அளவோடு. குட்டி மீன்களை உயிரோடு வாங்கிப் போடமாட்டார், கூடவே நோயும் வந்து இறங்கும் என்பார். மிச்சம் அடியில் கிடந்தால் அடுத்த நிமிஷம் வலை போட்டு எடுத்துவிடுவார். வாராவாரம் கால்வாசித் தண்ணீரை மாற்றுவதற்காகப் பால்கனியில் பெரிய டிரம்களில் தண்ணீர் பிடித்து, குளோரினை முறிக்கும் மருந்து ஊற்றி, காற்றுக் குழாய் விட்டு வைத்திருப்பார். துணி காயப்போட இடமில்லாமல் மனைவி திட்டுவாள். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவார்.

இப்பேர்ப்பட்ட வீட்டுக்கு மாமியார் வந்து இறங்கினார். கல்யாணம் ஆனதிலிருந்து இந்த வாசற்படியை மிதிக்காதவர். லிஃப்ட் குழிக்குள் கயிற்றை நம்பிப் பிழைக்கிற ஆளுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று அன்றைக்கு ஒற்றைக் காலில் நின்றவர். மகள் எத்தனையோ தடவை கூப்பிட்டும் வராதவர், இந்த முறை தானாகவே பெட்டியோடு வந்துவிட்டார். லிஃப்ட்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்த அம்மாள் தன் வீட்டில் மனசு குளிர்ந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று நினைத்தார். வந்தவரோ தட்டைப் பார்த்தே பேசினார், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் மனைவி போன் செய்தாள். அம்மா உங்களுக்காக ஒரு காரியம் செய்திருக்கிறார், வந்ததும் நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றாள். அன்றைக்கு லிஃப்ட்காரர் வேலையை விசிலடித்துக்கொண்டே முடித்தார். வீட்டுக்கு வந்து கூடத்தில் கால் வைத்ததும் விசில் நின்றது.

தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரி விரியத் திறந்து கிடந்தது. ஃபில்டர் பெட்டிக்குள் இருக்கும் ஸ்பாஞ்சும் பீங்கான் வளையங்களும் புதிதாகக் கட்டிய பல் செட் போலப் பளிச்சென்று இருந்தன. மாமியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யும் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அலமாரியைத் திறந்து, அவற்றில் அப்பியிருந்த பழுப்பு நிறக் கசடைப் பார்த்தவருக்குத் தாங்கவில்லை. பெரிய பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்து, தேய்த்து, மறுபடி கொதிக்கவைத்து, ஒரு கிருமி பாக்கியில்லாமல் தீர்த்துக் கட்டிவிட்டார்.

அடக் கடவுளே, அந்தக் கிருமிதானே மேனேஜரின் உயிர்! மீன் கழிப்பதெல்லாம் தண்ணீரில் அமோனியாவாகச் சேரும். அதைத் தின்று தீர்ப்பது அந்தப் பழுப்புக் கசடில் குடியிருக்கும் கிருமிகள். அவை குடியேற மாதக்கணக்கில் ஆகும். அவை செத்தால் மீன் தன் மூத்திரத்திலேயே மூச்சடைத்துச் சாகவேண்டியதுதான்.

மாமியார் புடவையில் கையைத் துடைத்தபடி, முதன்முதலாக மருமகன் முகத்தை நேராகப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு என்ன சொல்வது? "ரொம்ப நல்லா இருக்கு அத்தை" என்றார் லிஃப்ட்காரர். அடுக்களையில் மனைவியிடம் விஷயத்தைக் கிசுகிசுத்தபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள், இப்போதே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்றாள். மாட்டவே மாட்டேன் என்றார். அத்தை கிளம்பும்வரை மேனேஜருக்குச் சாப்பாட்டை நிறுத்திவிட்டுத் தினமும் தண்ணீரை மாற்றினால் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். நீங்களாச்சு உங்கள் மேனேஜராச்சு என்று அவள் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கோ ஒரு லிஃப்ட் மக்கர் செய்ய, கூப்பிட்ட இடத்துக்கு ஓடினார். திரும்பி வந்தபோது மேனேஜர் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயை வைத்துக் காற்றைக் கவ்விக்கொண்டிருந்தது. செவுள்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. அவர் கண்ணாடியைத் தட்டியும் திரும்பிப் பார்க்கவில்லை. தொட்டியின் அடியில் இறால் துண்டுகள் கிடந்தன. பாவம் வாயில்லாத ஜீவன், நேற்றிலிருந்து பட்டினி என்று மாமியார் ஒரு கிண்ணம் நிறையக் கொட்டியிருந்தார்.

தொட்டித் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அமோனியா பார்க்கும் மருந்தைச் சொட்டினார். மஞ்சளாக நிற்கவேண்டியது கரும்பச்சையாக மாறியது. அமோனியா ஏறிவிட்டது. லிஃப்ட்காரர் உடனே வேலையில் இறங்கினார். இறாலை வாரி எடுத்தார், பாதித் தண்ணீரைக் குழாய் போட்டு உறிஞ்சி வெளியேற்றினார், டிரம் தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினார், வீட்டில் இருந்த காற்று மோட்டார் எல்லாவற்றையும் தொட்டிக்குள் தொங்கவிட்டார். அதுவும் போதாது. கிருமி வேண்டும், உயிருள்ள அழுக்கு வேண்டும். சட்டைப் பித்தானைக்கூடச் சரியாகப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினார்.

எதிர்ச் சாரியில் பல் டாக்டர். அவருக்கும் மீன் பைத்தியம் உண்டு, கிளினிக்கில் பழைய தொட்டி ஒன்று இருக்கிறது. ஞாயிறு என்பதால் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "டாக்டர், உங்க ஃபில்டர் அழுக்கு வேணும், அவசரம்" என்று இவர் வாசலிலேயே கத்தினார். வேறு யாராக இருந்தாலும் கதவைச் சாத்தியிருப்பார்கள். டாக்டர் கை கழுவாமல் எழுந்து வந்து கிளினிக்கைத் திறந்தார். தன் ஃபில்டரில் இருந்த ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி, காய்ந்துவிடாமல் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்துப் பையில் போட்டுக் கொடுத்தார். பையில் ஓட்டை. சட்டையெல்லாம் சேறு வழிய, அதைப் பச்சைக் குழந்தையை ஏந்துகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவருகிற மனுஷனைத் தெருவே நின்று பார்த்தது.

வாசலில் மாமியார் வழிமறித்து நின்றார். "என்னது இது, இந்தச் சாக்கடையையா உள்ள போடப்போறீங்க? நேத்துதானே அவ்வளவு சுத்தமா கழுவி வச்சேன்?"

இதற்கு மேல் எதை மறைக்க? மூச்சு வாங்க நின்றவர் போட்டு உடைத்துவிட்டார்.

"நீங்க கழுவினதாலதான் அத்தை அது சாகக் கிடக்குது. அந்த அழுக்குலதான் அதோட உயிரே இருக்கு. நேத்தே சொல்லியிருக்கணும். நீங்க கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

மாமியார் முகம் சுண்டிப்போனது. அவ்வளவுதான், பெட்டியைக் கட்டப்போகிறார் என்று லிஃப்ட்காரர் நினைத்தார். அந்த அம்மாள் சட்டென்று பையை அவர் கையிலிருந்து பிடுங்கினார். "வாயில சொல்லாம ஒரு நாள வீணாக்கிட்டீங்களே. இத எங்க வைக்கணும், அதச் சொல்லுங்க" என்றார்.

அப்புறம் அந்த வீடு ஆஸ்பத்திரி வார்டாக மாறியது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாமியார் அதிகாரம் செய்ய, மகளும் மருமகனும் வாளியோடு ஓடினார்கள். வளையங்களுக்கு நடுவில் அழுக்கு ஸ்பாஞ்சைத் திணித்தவர் அவர்தான், முழங்கைவரை சேற்றோடு. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் குழாயில் மருந்து சொட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்த்தவரும் அவர்தான். சாயங்காலம் பச்சை வெளுத்து மஞ்சள் தட்டியது. மேனேஜர் மேல்மட்டத்தை விட்டு இறங்கி, தொட்டியின் நடுவுக்கு வந்து, மூன்று பேரையும் பழையபடி முறைத்தது. லிஃப்ட்காரருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மாமியாரும் எதிரில் உட்கார்ந்தார். மீனைப் பார்த்தபடியே பேசினார்.

"நானும் ஒண்ண சொல்லாம வச்சிருந்தேன். உங்களப் பிடிக்காம இல்ல. பயம். ஆஸ்பத்திரியில எவ்வளவு பேரு மேலேருந்து விழுந்து வந்திருக்காங்க, அவங்க ஆபரேஷனுக்கு எடுத்த கத்தியெல்லாம் நான்தான் கழுவினேன். தினமும் சாயங்காலம் இவளுக்குப் போன் பண்ணி, நீங்க கீழ இறங்கிட்டீங்களான்னு கேட்டுட்டுத்தான் அடுப்பப் பத்த வப்பேன்."

லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினாள். இத்தனை வருஷமாக அம்மாவும் மகளும் போனில் தன் தலையைத்தான் உருட்டுகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு எங்க வேலை?" என்று மாமியார் கேட்டார்.

"பன்னண்டு மாடிக் கட்டடம் அத்தை. இறங்கினதும் உங்களுக்கு நானே போன் பண்றேன்."