மாப்பிள்ளைக்கு மாலை போட வேண்டியவன்

வாசுவுக்கு இருபத்து நான்கு வயது. மலேசியாவில் கிள்ளான் ஊரில், ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் உள்ள வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறான். இலை போடுவான், தண்ணீர் ஊற்றுவான், ரசம் கொண்டு வருவான். பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு என்று டாக்டர்கள் சொன்னார்கள். பேச்சு கொஞ்சம் இழுக்கும். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள நாளாகும். ஆனால் கற்றுக்கொண்டதை மறக்கமாட்டான்.

வீட்டில் அம்மா வள்ளியம்மாவும் அக்கா மாதவியும். அப்பா போர்ட் கிள்ளானில் கொண்டெய்னர் லோரி ஓட்டியவர், வாசு சின்னப் பையனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். வள்ளியம்மா பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைத்துத்தான் இரண்டு பேரையும் வளர்த்தார். வாசு சின்ன வயதில் குளிக்க அடம்பிடிப்பான், மருந்தைத் துப்புவான். அப்போதெல்லாம் அவனை வழிக்குக் கொண்டுவர அவரிடம் ஒரு வாக்கு இருந்தது.

"சமத்தா குளிச்சா, அக்கா கல்யாணத்துல நீதான்டா மாப்பிள்ளைக்கு மாலை போடுவ."

அது ஏமாற்று வாக்கு அல்ல. மண்டபத்து வாசலில் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு உள்ளே அழைத்துவருவது பெண்ணின் உடன்பிறந்தவன்தான். மாதவிக்கு இருப்பது ஒரே தம்பி.

வாசு அதைப் பிடித்துக்கொண்டான். துண்டைச் சுருட்டி மாலையாக்கி யார் கிடைத்தாலும் கழுத்தில் போட்டுப் பழகினான். கடையில் அவனிடம் அதிகம் மாட்டிக்கொண்டவர் சொக்கலிங்கம். தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த சமையல்காரர்.

"தலைப்பாகை இருக்கும்ணே. மேல படக்கூடாது. கையத் தூக்கிப் போடணும்" என்று வாசு பாடம் எடுப்பான்.

"டேய், ஊர்ல பொண்டாட்டி இருக்காடா எனக்கு. தினம் ஒரு மாலை விழுதுன்னு தெரிஞ்சா டிக்கெட் போட்டு வந்து வெட்டுவா."

"நீங்க மாப்பிள்ளை இல்லண்ணே. சும்மா டெஸ்டிங்."

இந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவர் ரேஷ்மா டீச்சர். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வேலை பழக்கிக் கொடுப்பது அவர் தொழில். முதல் மாதம் வாசுவோடு கடையிலேயே நின்றார். வாடிக்கையாளரைக் கட்டிப்பிடிக்கக் கூடாது. ஆண்களை அண்ணே, அங்கிள் என்று கூப்பிட வேண்டும். பெண்களை அக்கா, ஆன்டி. "என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். வாசுவுக்கு எல்லாம் வந்துவிட்டது. டீச்சருக்குப் பெரும்பாடு வள்ளியம்மாவிடம்தான்.

"அக்கா, அவன்கிட்ட கேட்டா அவனே பதில் சொல்லட்டும். நீங்க முந்திக்கிட்டு சொல்லாதீங்க" என்பார்.

"அவனுக்கு என்னம்மா தெரியும்?" என்பார் வள்ளியம்மா. அவன் பெயரைக் கேட்டால்கூட அவர்தான் சொல்வார்.

மாதவிக்கு இருபத்தெட்டு வயதானது. வந்த இரண்டு வரன்களும் வாசுவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. ஒரு வீட்டார் காபியைக்கூடக் குடிக்கவில்லை. மூன்றாவதாகப் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து யுகேந்திரன் வீட்டார் கேட்டு வந்தபோது, வள்ளியம்மா தரகரிடம் ஒரே பெண், வேறு பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டார்.

பெண் பார்ப்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வைத்துக்கொண்டார்கள். வாசு கடையில் இருப்பான், தொந்தரவில்லை என்பது வள்ளியம்மாவின் கணக்கு. பெண் பிடித்துப்போனது. மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"கிள்ளானுக்கு வந்துட்டு அந்த ஸ்டேஷன் பக்கத்து வாழை இலைக் கடையில சாப்பிடாம போறதா? வாங்க சம்பந்தி, நம்ம செலவு" என்றார்.

வள்ளியம்மா வேறு இரண்டு கடைகளின் பெயரைச் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. அவர்கள் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தபோது, இடம் பிடித்து வைக்கிறேன் என்று இவர் முன்னால் ஓடினார். வாசு இலை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அம்மா!"

"உஷ்! இங்க பாரு வாசு. இப்ப அம்மா கஸ்டமர். அக்காவும் கஸ்டமர். நீ எங்கள தெரியும்னு சொல்லக்கூடாது. என்னைய ஆன்டின்னு கூப்பிடு. நான் சொல்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக்கூடாது. சரியா செஞ்சாதான் கல்யாணம் நடக்கும்."

"அப்பதான் மாலை போடலாமா?"

"ஆமா. அப்பதான்."

ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். வாசு இலையைத் துடைத்துப் போட்டான். தண்ணீர் ஊற்றும்போது மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"ஒரே பொண்ணா வளர்த்திருக்கீங்க. கஷ்டமா இருக்கும்ல, அனுப்புறதுக்கு?"

"ஆமாங்க. எனக்கு ஒரே பொண்ணு" என்றார் வள்ளியம்மா. வாசு அவருடைய தம்ளரில்தான் ஊற்றிக்கொண்டிருந்தான். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

மாப்பிள்ளையின் மாமா கன்னையாவுக்கு விளையாட்டு வந்துவிட்டது. வாசு பேசுவதைப் போலவே நாக்கை இழுத்துப் பேசிக் காட்டினார்.

"தம்ம்பீ, ரெண்டும் ரெண்டும் எவ்வ்ளோ?"

"கணக்கெல்லாம் கவுண்டர்ல கேளுங்க அங்கிள். எனக்கு இலைதான்."

மேசையே சிரித்தது. கன்னையா விடவில்லை. "பாஸ் உனக்கு சம்பளம் குடுக்குறாரா, இல்ல மிச்ச சோறா?"

வாசுவுக்கு அது கேலி என்று தெரிந்தது. அம்மாவைப் பார்த்தான். அம்மா சிரித்துக்கொண்டிருந்தார், கன்னையாவை விடச் சத்தமாக.

"பாவம் லா" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "இதப் பெத்தவ என்ன பாவம் பண்ணாளோ. இந்த மாதிரி ஒண்ணு இருக்குற வீட்டுல பொண்ணெடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்? நாளைக்கு நம்ம பேரப் பிள்ளைக்கும் வந்துருமோன்னு பயமா இருக்காது?"

"ஆமாங்க. பயமாத்தான் இருக்கும்" என்றார் வள்ளியம்மா.

மாதவி தலை நிமிரவில்லை. வாசு சுற்றி வந்து அவள் இலையில் மோர் மிளகாயைக் குவித்துவிட்டுப் போனான். அவள் கேட்கவில்லை. மற்ற யாருக்கும் அவ்வளவு வைக்கவில்லை. யுகேந்திரன் அந்தக் குவியலைப் பார்த்தான், மாதவியைப் பார்த்தான், பிறகு சாப்பிட ஆரம்பித்தான்.

"ஆன்டி, ரசம் வேணுமா?" என்று வாசு அம்மாவிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தான்.

"வேணாம் தம்பி."

வீட்டுக்கு வந்ததும், "நல்லா செஞ்சேனாம்மா?" என்று கேட்டான். வள்ளியம்மா அவனுக்கு நண்டு வாங்கிச் சமைத்துப் போட்டார்.

கடைக்காரர் திருச்செல்வம் அன்று நடந்ததை ரேஷ்மா டீச்சரிடம் சொல்லிவிட்டார். டீச்சர் நேராக வீட்டுக்கு வந்தார்.

"மறைச்சுக் கட்டிக் குடுத்தா மறைச்சுக்கிட்டே இருக்கணும்கா. எத்தனை வருஷம் முடியும்? நானே வந்து மாப்பிள்ளை வீட்ல பேசுறேன். இதுக்கு முன்னாடி பேசியிருக்கேன். ஒத்துக்கிட்டவங்க இருக்காங்க."

"ஒத்துக்காதவங்க?"

டீச்சர் கைப்பையை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"ஒத்துக்காதவங்கள நான் பாத்துட்டேம்மா, ரெண்டு தடவ. நீ வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போயிருவ. இவளுக்கு முப்பதாகும். எனக்கு அப்புறம் இவன யாரு பாப்பா? இவளுக்குப் புருஷன்னு ஒருத்தன் இருந்தாத்தானே?"

"வாசுகிட்ட கேட்டீங்களா, அவனுக்கு என்ன வேணும்னு?"

"அவன்கிட்ட என்னத்தக் கேக்குறது?"

வாசு பக்கத்தில்தான் இருந்தான். தலையணையின் கழுத்தில் துண்டு மாலையைப் போட்டுக்கொண்டிருந்தான்.

அன்று இரவு உணவுக்குப் பிறகு மாதவி, தானே யுகேந்திரனிடம் சொல்லிவிடுவதாக அம்மாவிடம் சொன்னாள். வள்ளியம்மா அழுதார், திட்டினார், பூஜை அறையில் போய் உட்கார்ந்துகொண்டார். மாதவி மறுநாள் சொல்லியும்விட்டாள்.

"தெரியும்" என்றான் யுகேந்திரன். "அன்னிக்கே தெரியும். கேக்காமலே உனக்கு மட்டும் மோர் மிளகாய் குவிச்சு வச்சானே."

மாதவிக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நல்லவனா என்று நினைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல. ஆனா அம்மாவுக்குத் தெரிய வேணாம், ஓக்கே? தெரிஞ்சா நிப்பாட்டிருவாங்க. உன் தம்பி கல்யாணத்துக்கு வரணும், அவ்ளோதானே? சாப்பாட்டு ஆர்டர அந்தக் கடைக்கே குடுத்துருவோம். அவன் வேலையா வந்த மாதிரி இருக்கும். நீயும் அவனப் பாத்துக்கலாம், அவனும் உன்னப் பாத்துக்கலாம். யாருக்கும் நஷ்டம் இல்ல."

மாதவி யோசித்தாள். நியாயமாகத்தான் பட்டது. வள்ளியம்மாவுக்கோ சாமியே வழிகாட்டியது போல இருந்தது. ரேஷ்மா டீச்சர் மட்டும், "பந்தி பரிமாற வர்றதுக்குப் பேரு தம்பியா வர்றது இல்லக்கா" என்றார். அதன் பிறகு அவருக்கு அந்த வீட்டில் யாரும் கதவு திறக்கவில்லை.

மாலை போட ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து சித்தப்பா மகன் தனேஷ் ஏற்பாடானான். சொந்தக்காரர்கள் யாரும் வாசுவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று வள்ளியம்மா கேட்டுக்கொண்டார். இதை வாசுவிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் அடம்பிடிப்பான் என்று நினைத்தார்கள். "அன்னிக்கும் அம்மா கஸ்டமர்தான், ஆன்டின்னுதான் கூப்பிடணும்" என்பதை மட்டும் சொன்னார்கள். வாசு தலையாட்டினான். அதைச் சரியாகச் செய்தால் மாலை போடலாம் என்று நம்பினான்.

கல்யாணத்தன்று கடை வேனில் அண்டாக்களோடு வந்து இறங்கினான். புதுச் சட்டை வாங்கித் தரச்சொல்லிக் கேட்டிருந்தான். கடைச் சட்டைதான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதை அவனே இஸ்திரி போட்டிருந்தான். மேளம் கேட்டதும் கையைக் கழுவிக்கொண்டு வாசல் பக்கம் கிளம்பினான். சொக்கலிங்கம் பிடித்துக்கொண்டார்.

"எங்கடா போற? இங்க நில்லு."

"மாப்பிள்ளை வந்துட்டாருண்ணே."

சமையல் கூடத்து ஜன்னலிலிருந்து வாசல் தெரிந்தது. தனேஷ் ஒரு கையில் கைபேசியை வைத்துக்கொண்டே மாலையைப் போட்டான். மாலை தலைப்பாகையில் சிக்கிச் சரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். வாசு பார்த்துக்கொண்டே நின்றான். சொக்கலிங்கம் குழம்பைக் கிண்டப் போய்விட்டார்.

தாலி கட்டி முடிந்து முதல் பந்தியில் மணமக்கள் உட்கார்ந்தார்கள். சாப்பிட வசதியாக மாலைகளைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டியிருந்தார்கள். வாசு ஒவ்வொருவருக்கும் இலை போட்டு வந்தான். யுகேந்திரனிடம் வந்ததும் மிச்ச இலைகளை மேசையில் வைத்தான். மாப்பிள்ளையின் மாலையை எடுத்தான். இரண்டு கையையும் உயரத் தூக்கினான். யுகேந்திரன் தன்னை அறியாமல் தலை குனிந்தான். தலைப்பாகையில் ஒரு பூவும் படாமல் மாலை நேராக இறங்கித் தோளில் உட்கார்ந்தது.

"ஏய்! என்னடா பண்ற?" மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "நீ யாருடா மாலை போட? இவன யாரு பரிமாற விட்டது?"

யுகேந்திரன் அவசரமாக மாலையைக் கழற்றினான். மாதவி இலையைப் பார்த்தாள். வாசு வள்ளியம்மாவிடம் திரும்பினான்.

"ஆன்டி, இப்ப சொல்லலாமா?"

எதிரே சம்பந்தி நின்றார்.

"என்னத்தச் சொல்லப் போற தம்பி? போ. போய் ரசம் கொண்டா."

"ஹோட்டல்காரன் மாலை போட்டா அதையும் பில்லுல சேத்துருவான், பாத்துக்கங்க!" என்றார் கன்னையா. பந்தி சிரித்து ஓய்ந்தது. வாசு உள்ளே போய் ரசம் கொண்டுவந்தான். எல்லோருக்கும் ஊற்றினான்.

அன்று சாயங்காலம் வேனில் அண்டாக்களோடு வீடு திரும்பினான்.

"வாடா வாசு. எல்லாம் முடிஞ்சிருச்சு. இனிமே அம்மான்னு கூப்பிடு" என்றார் வள்ளியம்மா.

"சரி ஆன்டி" என்றான்.

நாலைந்து நாளில் சரியாகிவிடும் என்று இருந்தார். ஆகவில்லை. கெஞ்சினார். நண்டு சமைத்தார். ஒருநாள் கரண்டியால் அடித்தும் பார்த்தார். "வலிக்குது ஆன்டி" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் சொல்வதுபோலப் பணிவாகத்தான் சொன்னான். துண்டைச் சுருட்டுவதையும் விட்டுவிட்டான். சொக்கலிங்கமே ஒருநாள் கழுத்தை நீட்டி, "டெஸ்டிங் பண்ணுடா" என்றார். "கை ஈரம்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மாதவி பெட்டாலிங் ஜெயாவிலிருந்து போன் செய்தால் வள்ளியம்மா புலம்புவார்.

"உன்னைய மட்டும் அக்காங்குறான்டி. என்னையத்தான்..."

"கடைக்கு வர்ற எல்லாரையும்தாம்மா அக்காங்குறான்" என்பாள் மாதவி.

பிறகு ஒருநாள் வாசுவுக்குப் பல்வலி. கன்னம் வீங்கிவிட்டது. வள்ளியம்மா அரசாங்கப் பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள்.

"பேஷண்ட் பேரு என்ன ஆன்டி?"

வள்ளியம்மா பெயரைச் சொல்ல வாயெடுத்தார். ரேஷ்மா டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது. எப்படியாவது அவனைத் திருப்பிவிட வேண்டும் என்று கொஞ்ச நாளாக டீச்சர் சொன்ன ஒவ்வொன்றையும் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன்கிட்டயே கேளும்மா. அவனே சொல்லுவான்."

"வெரி குட்" என்று அந்தப் பெண் வாசுவைப் பார்த்துச் சிரித்தாள். "பேரு சொல்லுங்க தம்பி."

"வாசு."

"எங்க வலிக்குது?" காட்டினான். "கூட வந்திருக்குறது யாரு? அம்மாவா?"

"இல்ல. ஆன்டி."

"ஆன்டியா? அம்மா வரலையா?"

வாசு வள்ளியம்மாவைத் திரும்பிப் பார்த்தான். நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான்.

"இவங்களுக்கு ஒரே பொண்ணு. பெட்டாலிங் ஜெயால கட்டிக் குடுத்துட்டாங்க."

"நான் அவனோட அம்மாதாம்மா" என்றார் வள்ளியம்மா. பைக்குள் கையை விட்டு அடையாள அட்டையைத் தேடினார்.

"அவரு இல்லங்குறாரே ஆன்டி. பரவாயில்ல, நீங்க அப்படி ஓரமா உக்காருங்க. தம்பி, நீங்க உள்ள போகலாம்."

வாசு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தனியாக உள்ளே போனான்.