ஃபெர்மினின் சீட்டுக்கு அடியில்

ஏறுவதற்கு முன் பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொள்ளச் சொல்கிறார் ஃபெர்மின். பாதிரியாரானாலும் சரி, மீன்காரியானாலும் சரி, மணல் ஒட்டிய துணியோடு அவருடைய மோட்டார் சைக்கிளில் உட்கார முடியாது. “சீட்டுதாங்க எனக்குச் சோறு போடுது” என்பார். நாகுவா ஊர்ச் சந்தைமுனை ஸ்டாண்டில் இருபத்தாறு வருஷமாக வாடகைக்கு ஆளேற்றி ஓட்டுகிறார்.

அந்தச் சீட்டுக்கு அடியில் செருப்புப்பெட்டி அளவில் ஓர் இடம். மழைக்கோட்டு, ஸ்பேனர், பாதி தின்ற ரொட்டி, மாமியாரின் மாத்திரை அட்டை எல்லாம் அதற்குள் போகும். வீட்டில் வைத்தால் தொலைந்துவிடுமாம்.

எதற்கு நாள் கேட்டாலும் ஒரே பதில்: “ஆண்டவன் விட்டா நாளைக்கு.” யொகாஸ்தாவோடு பத்தொன்பது வருஷக் குடித்தனம். பெற்ற பெண்கள் இருவரும் வேலைக்கே போய்விட்டார்கள். கல்யாணம் மட்டும் நாளைக்கு. அதற்காக வாங்கிய, சில மாதமே செல்லுபடியாகும் பிறப்புச் சான்றிதழ்கள் இரண்டு முறை காலாவதியாகிவிட்டன. மூன்றாம் முறை வாங்கியதும் யொகாஸ்தா சொல்லிவிட்டார்: “இந்தத் தேதி தவறுச்சுன்னா எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். கூப்பிட வராத.”

ஃபெர்மின் பயந்துபோய், பத்திரமாக இருக்கட்டும் என்று சான்றிதழ்களைச் சீட்டுக்கு அடியில் வைத்தார். கல்யாணத்தன்று காலை எட்டரைக்குச் சாவி திரும்பியது, சீட்டு திறக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரனான நான் போனபோது, பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“வண்டி வாங்குன ஒம்பது வருஷமா ஒரு நாளு மக்கர் பண்ணல. இன்னிக்கிப் பாருங்க!”

வாசலில் சந்தன நிற கவுனில் யொகாஸ்தா நின்றார். “நல்லா நடிக்கிற. இத்தனை வருஷம் வாயாலயே தள்ளிப்போட்ட. இப்பப் பூட்டையும் கூட்டு சேத்துக்கிட்டியா?”

“சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலடி!”

“சத்தியத்தையும் நாளைக்கே பண்ணு.”

ஃபெர்மின் சொன்னது உண்மைதான். அதற்கு நான் ஒருவன்தான் சாட்சி. நானும் முழுதாக நம்பவில்லை.

யொகாஸ்தா தோட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே போனார். பையின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. ஃபெர்மின் எண்ணெய்ப் புட்டியைக் கீழே வைத்தார். என் வீட்டுக் கடப்பாரையை வாங்கி, ஈ உட்காரவிடாமல் வளர்த்த அந்தச் சீட்டின் ஓரத்தில் செருகி நெம்பினார். ரெக்சின் கிழிந்தது, சீட்டு அசையவில்லை. வண்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார்.

“பூட்டுக் கேபிளு கையில சிக்குது. இழுத்தா வர மாட்டேங்குதே!”

யொகாஸ்தா பையோடு வெளியே வந்தார். அந்தத் தெருவில் அந்நேரம் வேறு வண்டி இல்லை. கிழிந்த சீட்டின் மேலேயே தொப்பென்று உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார்.

“பஸ் ஸ்டாண்டுல எறக்கி விடு.”

ஃபெர்மின் கேபிளை விடாமல் இழுத்துக்கொண்டிருந்தார். ‘டக்’ என்றது பூட்டு.

அளவுக்கு மேல் திணித்த மழைக்கோட்டு கீழிருந்து முட்டிக் கொக்கியை இறுக்கியிருக்கிறது. கேபிளை இழுக்கும்போது மேலே கொஞ்சம் பாரம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

“எந்திரிடி! தொறந்துடுச்சி!”

“எந்திரிச்சா மறுபடியும் மாட்டிக்குமா?”

“ஐயோ, எந்திரி முதல்ல!”

பத்து மணிக்குப் பதிவு அலுவலகத்தில் இருந்தோம். நான் சாட்சி. பதிவாளர் சட்டத்தை வாசித்துச் சம்மதம் கேட்டார். இருவரும் சொன்னார்கள். பேனாவை நீட்டியவர், மாப்பிள்ளையின் கையைப் பார்த்து நிறுத்தினார். முழங்கை வரை கிரீஸ்.

“அவசரமில்ல, வெளிய குழாய் இருக்கு. கழுவிட்டு வாங்க.”

யொகாஸ்தா திறந்திருந்த கதவைப் பார்த்தார்.

ஃபெர்மின் அந்தப் பக்கம் திரும்பவில்லை. புது வெள்ளைச் சட்டையின் மார்பில் உள்ளங்கை, புறங்கை என்று இரண்டு கைகளையும் அழுத்தித் துடைத்துவிட்டு, பேனாவை வாங்கினார்.