அவிழ்த்த முடிச்சுகள்

"குழந்தை குறுக்கே இருக்குதுங்க, ஆபரேஷன்தான் பண்ணணும்" என்று டாக்டர் என் மகளிடம் சொன்னதும் எனக்கு விளக்கெண்ணெய் வாடை அடித்தது.

அறுபதுகளில், ரோடு இல்லாத வத்தல்மலையில், அம்மாவுக்கும் அப்படித்தான் ஆனது. குழந்தையின் கை மட்டும் வெளியே வந்திருந்தது. எண்ணெய் தடவிப் பார்த்துத் தோற்றுப்போன அத்தை, "வூட்டுல ஒரு முடிச்சும் இருக்கக் கூடாது. எல்லாத்தையும் அவுருங்க" என்றார். கேவுரு மூட்டையை அவிழ்த்தார்கள், மாட்டை அவிழ்த்தார்கள். என் சடையையும் பிரித்துவிட்டார்கள்.

சித்தப்பா மூங்கிலும் கயிறுமாக ஓடிவந்தார். "டோலி கட்டி தருமபுரிக்குத் தூக்கிட்டுப் போயிரலாங்கண்ணா."

"புள்ள பொறக்கற வரைக்கும் முடிச்சு போடாதடா" என்றார் அப்பா.

மறுநாள் அதே மூங்கிலில் பாடை கட்டினார்கள். முடிச்சுப் போட அப்போது யாரும் பயப்படவில்லை.

டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் மகள் கேட்டாள்: "ஏம்மா, கொண்டைய அவுத்துப் போட்டுட்டு நிக்கற?"