கதகதப்பான சுவர்

ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்துக் கிணறுகளில் ஓடும் மோட்டார்களில் பாதிக்கு இணைப்புக் கொடுத்தவர் ஈஸ்வரபாண்டி. எனக்கு மாமா முறை. மீட்டரை நம்பமாட்டார். மோட்டார் மேலும் கேபிள் மேலும் வலது உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சூடு ஒன்னும் இல்ல, ஓடட்டும்" என்பார். தோட்டக்காரர்களுக்கு அது சாமி வாக்கு. எனக்குக் கேட்டாலே எரிச்சல் வரும். ஆனால் அவர் கைபட்ட மோட்டார் எதுவும் புகைந்ததில்லை என்பதால் வாயை மூடிக்கொள்வேன்.

கம்பத்தைத் தாண்டிக் குமுளி போகும் சாலையில், போடியைச் சேர்ந்த சொர்ணலதா மின்சாரக் கார்களுக்குச் சார்ஜ் நிலையம் கட்டினார். வயரிங் வேலை மாமாவுக்கு வந்தது. நான்கு கார்களுக்கு இடம் இருந்தது. மாமாவோ இரண்டு கார்கள் இழுக்கும் அளவுக்குத்தான் கேபிள் போட்டார். ஏமாற்றும் எண்ணமெல்லாம் இல்லை. ஒரு லைனில் நாலு தோட்டம் இருந்தால் முறை வைத்துத்தான் தண்ணீர் பாய்ச்சுவார்கள். அவர் பழகிய உலகம் அது. "நாலும் ஒரே நேரத்துல ஓடாதும்மா" என்று சொர்ணலதாவிடம் அடித்துச் சொன்னார். அவரும் நம்பினார். பேனல் அறையின் வெளிச்சுவரை ஒட்டி டீக்கடை போட்டுக்கொள்ள மாமாவின் மனைவி முருகம்மாள் அத்தைக்கு இடமும் கொடுத்தார்.

கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்குப் போகிற வண்டிகள் சாரிசாரியாக வந்தன. நான்கு இடமும் காலியாகவே இல்லை. சுமை கூடினால் மின்சாரத்தை வெட்டும் பிரேக்கர் விழுந்துகொண்டே இருந்தது. சாமிமார் சத்தம் போட்டார்கள். மாமா வந்து அதைக் கழற்றிவிட்டுப் பெரிய பிரேக்கராக மாட்டினார். கிணற்று மோட்டாருக்கு இது சரிப்படும். கிளம்பும்போதுதான் அது முக்கி இழுக்கும், பிறகு அடங்கிவிடும். கார் முக்கால் மணி நேரமும் ஒரே மூச்சாக இழுக்கும். பெரிய பிரேக்கர் விழாது. அத்தனை சுமையையும் கேபிள்தான் தாங்க வேண்டும். மனுஷன் அதை யோசிக்கவே இல்லை. நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மார்கழியில் ஒருநாள் காலை. மாமா ஒரு கிணற்றடியில் இருந்தார். அத்தை போன் செய்தாள்.

"ஏங்க, நம்ம கடைச் சுவரு நாலஞ்சு நாளா கதகதன்னு இருக்கு. முதுகுவலிக்கு அம்புட்டுச் சொகம். சாமிமாரும் இதை ஒட்டித்தான் படுத்திருக்காக."

மாமா அந்தச் சுவருக்குள்தான் கேபிளை விட்டிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் யாரோ டீ கேட்க, அத்தை போனை வைத்துவிட்டாள். திரும்பத் திரும்ப அடித்தார். எடுக்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தார். வழியெல்லாம் பச்சை நம்பர் பலகை வைத்த மின்சாரக் கார்கள் அவரை முந்திக்கொண்டு போயின. எல்லாம் அங்கேதான் போகின்றன என்று அவருக்குத் தெரியும்.

அத்தை சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள். பக்கத்தில் சாமிமார் வரிசையாகப் படுத்திருந்தார்கள். மாமா சுவரில் கையை வைத்தார், வெடுக்கென்று எடுத்தார். அத்தையைத் தரதரவென்று வெளியே இழுத்தார். எல்லோரையும் எழுப்பி விரட்டினார். நான்கு வண்டிகளும் சார்ஜில் நின்றன. சொர்ணலதா குறுக்கே வந்தார்.

"என்னண்ணே இது? நாலும் ஒரே நேரத்துல ஓடாதுன்னு நீங்கதான சொன்னீக?"

மாமா அவரை விலக்கிவிட்டுப் பேனல் அறைக்குள் போனார். கேபிளின் தோல் உருகி வழிந்திருந்தது. பிரேக்கரை இறக்கக் கை வைத்தார். வெடித்தது.

சுவரும் டீக்கடையும் எரிந்து போயின. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாமாவின் வலது உள்ளங்கைக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். அதில் உணர்ச்சியே இல்லை. டீ கொடுக்கும்போதெல்லாம், "சூடா இருக்கு, பாத்து" என்று அத்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

தோட்டக்காரர்கள் இன்னும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். போன வாரம் நானும் கூடப் போயிருந்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மாமா பழக்கத்தில் வலது கையையே அதன்மேல் வைத்தார்.

"சூடு ஒன்னும் இல்ல, ஓடட்டும்" என்றார்.