சத்தம் நின்றுபோன லோரி

எண்பதுகளின் நடுப்பகுதி. லிங்கிக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நானும் என் தங்கையின் கணவரும் கூட்டாக ஒரு பழைய லோரி வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தோம். தோட்டத்தில் வெட்டும் பழக்குலைகளை ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் வேலை. ஓட்டுவது மாப்பிள்ளை. வண்டியைப் பார்த்துக்கொள்வது நான்.

எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த வண்டி அது. வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை, பின்னாலிருந்து ஊளையிடுவது போல ஒரு சத்தம் கிளம்பியது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ‘டக்’கென்று ஓர் அடி வேறு. பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தெரியுமே, டிப்பரன்ஷியல், அதற்குள் இருக்கும் பற்சக்கரங்கள்தான் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. அங்கேதான் கோளாறு என்று கண்டுபிடித்துவிட்டேன். தோட்டத்துப் பட்டறையில் இரண்டு வருடம் கையாளாக இருந்தவன் நான். அந்த இரண்டு வருடத்தை வைத்துக்கொண்டு பெரிய மெக்கானிக் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரந்தாவில் பட்டறை வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், காட்டினோம். கழற்றிப் பார்த்துவிட்டு, பேரிங் போய்விட்டது, புதிதாகப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் பற்கள் தேய்ந்துவிட்டதால் சத்தம் முழுதாக நிற்காது என்றார். “பியார்லா, ஜாங்கான் கெத்தாட்” என்று மலாயில் இரண்டு தடவை சொன்னார். இருக்கட்டும் விடு, இறுக்காதே என்று அர்த்தம். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் சூடேறிவிடும் என்று விரலை விரலோடு கோத்துக் காட்டினார்.

பேரிங்கை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து, எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்குப் பின்னால் ஓர் ஓலைக் கொட்டகையில் நானே வேலையை ஆரம்பித்தேன். மூன்று நாள் மழை. சேற்றில் படுத்துக்கொண்டு வேலை. முதல் தடவை பூட்டி ஓட்டினோம், ஊளை போகவில்லை. மறுபடி இறக்கினேன். இடைவெளியைச் சரிசெய்ய உள்ளே மெல்லிய தகடுகள் வைத்திருப்பார்கள். அதில் ஒன்றை எடுத்தேன். சத்தம் குறைந்தது. இன்னொன்றை எடுத்தேன். பிறகு இன்னொன்று. மூன்றாம் நாள் ஓட்டியபோது சத்தமே இல்லை. லயத்து ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாப்பிள்ளை கீழே குனிந்து, பின் அச்சுக்குப் போகும் தண்டைக் கையால் திருப்பிப் பார்த்தார். நகரவே மாட்டேன் என்றது.

“ரொம்ப இறுக்கமா இருக்கே மச்சான். தவுக்கே அன்னைக்குச் சொன்னாரே...”

மூன்று நாள் அலுப்பு, சுற்றிலும் ஆட்கள் வேறு. “பால்மரம் வெட்டுனவனுக்கு கியரைப் பத்தி என்னா தெரியும்? நீ ஓட்டுற வேலைய மட்டும் பாருலா!” என்று கத்திவிட்டேன்.

மாப்பிள்ளை லோரி ஓட்டக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் ரப்பர் தோட்டத்தில் பத்து வருடம் பால்மரம் வெட்டியவர். என்னைப் பெற்றவரும் அதே வேலைதான் செய்தார். அதெல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. வாசலில் நின்ற என் தங்கை உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை முழுப் பாரத்தோடு கிளம்பினார். பத்து மணிக்குத் தோட்டத்துக் கங்காணியான மண்டோர் மோட்டார் சைக்கிளில் வந்து சேதி சொன்னார். ஆற்றுப் பாலம் தாண்டி, மேட்டில் ஏறி இறங்கும்போது பின் சக்கரங்கள் அப்படியே இறுகி நின்றுவிட்டன. ஈரச் சாலையில் வண்டி வழுக்கிப் பள்ளத்தில் கவிழ்ந்து கிடக்கிறது என்றார்.

நான் போனபோது பழம் வெட்டும் ஆட்கள் முள் குத்துவதைப் பார்க்காமல் வெறுங்கையால் குலைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் இடது கால் கதவுக்கடியில் நசுங்கியிருந்தது. நினைவு இருந்தது. என்னைப் பார்த்ததும், “பழமெல்லாம் கொட்டிப்போச்சு மச்சான்” என்றார். அவரை வெளியே எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. கவிழ்ந்த லோரியின் பின் அச்சில் விழுந்த துளிகள் ‘ஸ்ஸ்’ என்று ஆவியாகின. கருகிய எண்ணெய் நாற்றம். எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. மண்டோர் என் தோளைத் தொட்டு, “பழைய லோரிலா. எவனோ உங்க தலையில கட்டிட்டான்” என்றார்.

“ஆமா” என்றேன். அந்த ஒரு வார்த்தையை இன்றுவரை என்னால் திருப்பி எடுக்க முடியவில்லை.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். வராந்தாவில் உட்கார்ந்து என் தங்கை, லோரியை விற்றவனுக்குச் சாபம் கொடுத்துக்கொண்டிருந்தாள். “அவன் நல்லா இருப்பானா அண்ணே? அவன் கை விளங்குமா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

அதோடு விட்டேனா? வண்டியை இழுத்து வந்த பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் டிப்பரன்ஷியலைத் திறந்தேன். பேரிங் வெந்து நீலம்பாரித்து, தண்டோடு ஒட்டிப்போயிருந்தது. வெட்டி எடுத்து ஒரு சாக்கில் கட்டி ஆற்றில் போட்டேன். செய்ததைவிட, மறைத்ததுதான் என்னைத் தின்றது. மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன்.

இரண்டு மாதம் தாங்கினேன். ஒரு மதியம், தங்கை வேலைக்குப் போயிருந்தபோது போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து ஊன்றுகோலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். நின்றபடியே, “மாப்பிள்ள, தகட்டையெல்லாம் எடுத்தது நான்தான். அதனாலதான்...” என்றேன்.

“தெரியும் மச்சான்” என்றார்.

ஊன்றுகோலைக் கீழே வைத்துவிட்டு அவரே சொன்னார். “பாலத்துக்கிட்டயே எண்ணெ கருகுற வாட வந்துச்சு. நிறுத்திட்டுத் திரும்பி வந்துடலாம்னுதான் நெனச்சேன். வந்து சொன்னா மறுபடியும் எல்லார் முன்னாலயும் ஏசுவீங்களேன்னு... ஆலை வரைக்கும் போயிடலாம்னு ஓட்டிட்டேன். எம்மேலயும் தப்பு இருக்கு.”

தகட்டைத் தப்பாக எடுத்ததுகூட அறியாமை என்று சொல்லலாம். வாடை அடித்தும் அவரை நிறுத்த விடாமல் செய்தது என் வாய். அன்று நான் கத்தாமல் இருந்திருந்தால் அவர் பாலத்தருகே இறங்கியிருப்பார். இரண்டு காலில் நடந்து வீட்டுக்கு வந்திருப்பார்.

“ஒங்க தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க. அவளுக்குன்னு பொறந்த வீட்டுல இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்” என்றார் கடைசியாக.

லோரி பழைய இரும்புக்குப் போனது. நான் போர்ட்டிக்சன் பக்கம் கூலி வேலைக்குப் போய்விட்டேன். மாப்பிள்ளை தோட்டத்து வாயிலில் காவல் வேலை பார்த்தார். சில வருடங்கள் கழித்து நோய் வந்து இறந்துபோனார். கடைசிவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. தங்கை இப்போதும் பேச்சு வந்தால், முகம் தெரியாத அந்த விற்றவனைத்தான் சபிக்கிறாள். சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை கிளம்பியிருக்கிறேன். அவள் போட்டுத் தரும் தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் யாராவது தயங்கித் தயங்கி என்னிடம் ஒரு குறை சொல்ல வந்தால், கைவேலையைக் கீழே வைத்துவிட்டு முழுதாகக் கேட்கிறேன். கேட்டு முடிக்கும் ஒவ்வொரு முறையும், கேட்டிருக்க வேண்டிய அந்த ஒரு மனிதரிடம் இதைச் செய்யாமல் போனேனே என்று நினைத்துக்கொள்கிறேன்.