பீமாராவும் பாதி எழுத்தும்

பீமாராவுக்கு எதிலும் அவசரம் கிடையாது. அலங்காநல்லூரிலிருந்து வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அன்றைக்கு அவனுக்குப் பண்டிகை. கிடைக்காவிட்டால் கம்பியில் சாய்ந்து நின்றபடியே தூங்கிவிடுவான். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் அவனோடு எம்.சி.ஏ. படித்தவர்களில் பாதிப்பேர் பெங்களூரிலும் மீதிப்பேர் அதைத் தாண்டியும் போய்விட்டார்கள். இவன் மட்டும் சிம்மக்கல்லில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்களுக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தான். "எனக்கு இங்கன என்ன குறை?" என்பான். கேட்டவர்களுக்குத்தான் அது குறையாகத் தெரியும்.

அவன் பொய் சொல்லவில்லை. அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு உழுதவர். மகன் சொந்தமாக இரண்டு அறை வீடு கட்டினான். ஆர்த்திகாவைக் கட்டினான். அவளுக்கு, வருஷக்கணக்கில் காத்திருந்த பிறகு, உள்ளூர் அரசுப் பள்ளியிலேயே டீச்சர் வேலை கிடைத்திருந்தது. காலையில் இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். சாயங்காலம் யார் முதலில் வருகிறாரோ அவர் உலை வைப்பார். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும் என்று அவன் உண்மையாகவே நினைத்தான்.

2004-ல்தான் அதற்கு ஆபத்து வந்தது. மாடி அறைக்கும் அந்தச் சின்னக் கம்பெனிக்கும் சொந்தக்காரர் ஸ்ரீனிவாஸ், பட்டுநூல்காரக் குடும்பம், பீமாராவைவிடப் பத்து வயது மூத்தவர். ஒருநாள் டீயை ஆற்றிக்கொண்டே சொல்லிவிட்டார்.

"பீமா, ஒளிவுமறைவு இல்லாமச் சொல்றேன். சௌரிராஜன் சாரோட அச்சகம் நம்ம புரோகிராமை வாங்கினாத்தான் இந்த ஆபீஸ் நிக்கும். இல்லைன்னா இழுத்து மூடிட்டுப் பெங்களூர் போயிர வேண்டியதுதான். உனக்கும் அங்க வேலை பேசி வச்சிருக்கேன்."

"நான் போயிட்டா ஆர்த்திகா வேலை என்னண்ணே ஆகும்?"

"அவங்க இங்க, நீ அங்க. தீபாவளி பொங்கலுக்கு வந்துக்க."

பீமாராவ் அன்று டீயைக் குடிக்கவில்லை. அவனைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும்.

சௌரிராஜனின் தொல்லை நியாயமானது. அவருக்கு மூன்று கடைகள், மூன்றிலும் மூன்று தமிழ் எழுத்துரு. ஒரு கடையில் அடித்த பத்திரிகையை இன்னொரு கடையில் திறந்தால் கோழி கிண்டியதுபோல் இருக்கும். அதனால் எல்லாவற்றையும் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவாகப் புதிதாக வந்த யூனிகோடுக்கு மாற்றித் தரச் சொன்னார். "மேலூர்ல இருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரங்க வாராங்க. அவங்க முன்னாடி அடிச்சுக் காட்டுங்க. சரியா வந்தா அன்னைக்கே கையெழுத்து" என்றார்.

பீமாராவிடம் ஆறு வருஷமாக உழைத்துத் தேய்ந்த ஒரு ஜாவா புரோகிராம் இருந்தது. மணமகன், மணமகள், உறவினர் என்று பிரித்துப் பக்கத்தில் அடுக்கும் பகுதி அதன் உயிர். அந்தப் பகுதிக்கு ஒரே ஒரு பழக்கம்: எதையும் துளித்துளியாக, பைட் பைட்டாக, ஓடையாக வந்தால்தான் படிக்கும். ஃபைலிலிருந்து வந்தால் சிக்கலில்லை. ஆனால் ஆபரேட்டர் திரையில் தட்டுவது ஸ்ட்ரிங்காக, ஒரே கட்டாக நிற்கும். அந்தக் கட்டை ஓடையாக மாற்றிக் கொடுக்க ஸ்ட்ரிங்பஃபர்இன்புட்ஸ்ட்ரீம் என்று ஜாவாவில் ஒரு பழைய கிளாஸ், அதாவது ஆயத்தமாகக் கிடைக்கும் பகுதி, உண்டு. அதைப் பயன்படுத்தாதே என்று, எழுதியதைக் கம்ப்யூட்டர் மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஒவ்வொரு தடவையும் எச்சரிக்கும். பீமாராவ் ஒவ்வொரு தடவையும் கண்டுகொள்ளாமல் விடுவான். வேலை நடக்கிறதே, பிறகென்ன?

புது மாற்றத்தையும் அவன் சோதிக்காமல் இல்லை. ஆனால் நம் ஊரில் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, எல்லாருக்கும் வந்துவிடுகிறது. சோதனைக்கு என்ன தட்டினாலும் இங்கிலீஷில்தான் தட்டுவார்கள். பீமாராவும் தன் பெயரை, பெண்டாட்டி பெயரை, போன் நம்பரை எல்லாம் இங்கிலீஷில் தட்டிப் பார்த்தான். அழகாக வந்தது. தட்டும் கட்டத்தில் தமிழும் பளிச்சென்று தெரிந்தது. அவ்வளவு போதுமென்று வீட்டுக்குப் போய்விட்டான். தமிழ்ப் பத்திரிகை புரோகிராமை இங்கிலீஷில் சோதித்த அந்த மகானை என்னவென்று சொல்வது!

மேலூர்க்காரர்கள் வேன் வைத்து வந்தார்கள். புரூஃப் பார்ப்பதென்றால் சும்மாவா? பெண்ணின் அப்பா காளை, அத்தை மலையம்மாள், தாய்மாமன் சுருளி, அவர்களுக்குப் பின்னால் பங்காளிகள். அச்சகத்தில் நிற்க இடமில்லை. காளை ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல பீமாராவ் தட்டினான். பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. எல்லாரும் அதன் மேல் குனிந்தார்கள்.

தாளில் மனிதர் பெயர் ஒன்றுகூட இல்லை. தலைகீழாகத் தொங்கும் கேள்விக்குறிகள், வட்டத்துக்குள் அடைபட்ட ஆர் எழுத்து, கணக்குப் பாடத்து முக்கால் குறி. பத்திரிகை முழுக்க இதுதான்.

"எம் பேரு எங்கப்பா?" என்றார் சுருளி.

ஸ்ரீனிவாஸ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பீமாராவுக்குப் பெங்களூர் பஸ்ஸில் தான் தனியாக உட்கார்ந்திருப்பதும், வீட்டில் ஆர்த்திகா ஒருத்திக்கு மட்டும் உலை வைப்பதும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அழுகை வந்துவிடும் போலிருந்தது.

மலையம்மாள்தான் தாளைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினாள். "இங்க பாருங்கடி கூத்த! மாப்ள பேரக் காணோம், அவரு படிச்ச பி.இ. மட்டும் இங்கிலீஷ்ல ஜம்முனு நிக்கிது. போன் நம்பரும் அம்புட்டும் சரியா இருக்கு." கூட்டம் கொல்லென்று சிரித்தது.

பீமாராவ் சிரிக்கவில்லை. தாளை வாங்கிப் பார்த்தான். ஆமாம், இங்கிலீஷ் தப்பித்திருக்கிறது, எண்கள் தப்பித்திருக்கின்றன, தமிழ் மட்டும் செத்திருக்கிறது. பிடிபட்டுவிட்டது! கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு எழுத்தும் ஒரு எண்; ஒரு பைட்டுக்குள் 255 வரைதான் கொள்ளும். இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் அதற்குள் அடங்கும். பழைய தமிழ் எழுத்துருக்களும் அந்த 255-க்குள்ளேயே ஒண்டிக் குடியிருந்தவைதான், அதனால்தான் ஆறு வருஷம் பிழைப்பு ஓடியது. யூனிகோடில் தமிழின் எண்கள் மூவாயிரத்தை ஒட்டி இருக்கின்றன. உயரமானவன் வந்தால் குனிந்து வா என்று சொல்வோம்; இந்தக் கிளாஸ் தலையைச் சீவிவிட்டு உடம்பை மட்டும் உள்ளே அனுப்பியிருக்கிறது. கம்பைலர் இத்தனை நாளும் கத்தியது இதைத்தான்.

"ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, அதுக்குள்ள சரி பண்ணிர்றேன்" என்றான். காளை சந்தேகமாகப் பார்த்தபடி கூட்டத்தை ஓட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்.

வேலை சின்னதுதான். ஸ்ட்ரிங்கை முதலில் யூடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றச் சொன்னான். அதில் ஒரு தமிழ் எழுத்துக்கு மூன்று பைட் இடம் கிடைக்கும். எதையும் வெட்ட வேண்டியதில்லை. அந்தப் பைட் வரிசையைப் பைட்அரேஇன்புட்ஸ்ட்ரீம் என்ற வேறொரு கிளாஸில் வைத்து ஓடையாக விட்டான். படிக்கும் பக்கத்திலும், வருவது யூடிஎஃப்-8, அப்படியே சேர்த்துப் படி என்று ஒரு ரீடரை மாட்டினான். அவசரத்தில் ஒரு அரைப்புள்ளியை இரண்டு தடவை தவறவிட்டான்.

டீக்கடையிலிருந்து கூட்டம் திரும்பியபோது புதுத் தாள் வெளியே வந்தது. எல்லார் உதடும் அசைந்தது. பிறகு சுருளி வெடித்தார்.

"யோவ் மச்சான்! தாய்மாமன் பேரு எங்க இருக்குன்னு பாத்தியா? உன் தம்பிக்குக் கீழ போட்டிருக்க!"

"நான் சொன்ன வரிசைதானய்யா அது..."

"அப்ப வேணும்னே சொல்லியிருக்க!"

மலையம்மாள் தாளைப் பிடுங்கினாள். "எம் பேரு இம்புட்டுச் சின்ன எழுத்துலயா?" பங்காளிகள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். அச்சகம் கோழிச்சண்டை மைதானம் ஆனது. பீமாராவ் பயந்துபோய்ச் சௌரிராஜனைப் பார்த்தான்.

சௌரிராஜன் சிரித்துக்கொண்டிருந்தார். "பயப்படாதீங்க தம்பி. முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். பேரைப் படிக்க முடியலைன்னாத்தான் நமக்கு வம்பு. படிக்க முடிஞ்சா அவங்களுக்குள்ளதான் வம்பு." ஸ்ரீனிவாஸிடம் திரும்பி, "மூணு கடைக்கும் போட்டுருங்க" என்றார்.

சத்தத்துக்கு நடுவிலேயே பீமாராவ் அச்சகத்துப் போனை எடுத்து ஆர்த்திகாவின் பள்ளிக்கு அடித்தான். அவள் ஓடி வந்து பேசினாள்.

"எங்கயும் போகலை. இங்கனதான்" என்றான்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு அவள் கேட்டாள்.

"என்னங்க, நேத்து ராத்திரி உங்க சட்டை துணியெல்லாம் மடிச்சுப் பொட்டியில வச்சிட்டேன். சாயங்காலம் வந்து வெளிய எடுத்து வைக்கிறீங்களா, நானே இப்பப் போயி எடுத்து வச்சிரவா?"