துரும்பு கிள்ளிய பிறகு

எங்கள் ஜனத்தில் புருஷன் பெண்டாட்டிக்கு ஒத்துவராமல் போனால் கோர்ட்டுக்குப் போகிற வழக்கம் கிடையாது. பெரியவர்கள் கூடுவார்கள். கூரையிலிருந்து ஒரு துரும்பை உருவி புருஷன் கையில் கொடுப்பார்கள். அவன் அதை இரண்டாகக் கிள்ளிப் போட்டால் முடிந்தது. "தீர்த்து உட்டாங்க" என்பார்கள். அப்புறம் அவனும் வேறு கட்டிக்கொள்ளலாம், அவளும் கட்டிக்கொள்ளலாம், யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

எனக்கும் அப்படித்தான் தீர்த்தார்கள், அறுபதுகளின் கடைசியில், மீஞ்சூருக்குப் பக்கத்தில். அடி உதை என்று பெரிய கதை ஒன்றும் இல்லை. அவன் அம்மாவுக்கும் எனக்கும் ஆகவில்லை. அவன் அம்மா கிழித்த கோட்டைத் தாண்டமாட்டான், எனக்கோ வாய் நீளம். மகள் அப்போது பால்குடி. "கொயந்த ஆத்தாகிட்டயே இருக்கட்டும்" என்று பெரியவர்கள் சொன்னார்கள், அவனும் தலையாட்டினான். எத்தனை வயசு வரைக்கும் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆரம்பாக்கத்தில் என் நைனா வீட்டுக்கு வந்தேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு ஆணி கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆணியை அள்ளி அட்டைப்பெட்டியில் நிரப்ப வேண்டும். விரல் நுனியெல்லாம் குத்திக் குத்திக் காய்த்துப்போகும். அங்கே மிஷின் ஓட்டியவர்தான் என்னைக் கேட்டுக் கட்டிக்கொண்டார். நல்ல மனுஷன். என் மகள் அவர் தோளில்தான் வளர்ந்தாள். என்னைத் தீர்த்தவனும் பழவேற்காட்டுப் பக்கம் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, எண்ணூர் கரன்ட் ஆபீசில் வேலையும் வாங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன?

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு திருவள்ளூர் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. பிள்ளையை அப்பாவிடம் ஒப்படைக்க வேண்டுமாம். அவர்களுக்குக் குழந்தை இல்லை. இத்தனை வருஷம் ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுத்தது கிடையாது, இப்போது அப்பாவாம். எனக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. என் வக்கீலோ, "சின்னக் குழந்தை என்றால் அம்மாவிடம் விடுவார்கள், அஞ்சு வயசு தாண்டிவிட்டால் அப்பாதான் முதல் கார்டியன்" என்றார். அன்றைக்குத்தான் பயம் வந்தது.

பஸ் மாறி மாறிப் போனோம். என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். அவன் வக்கீல் மெதுவாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, உனக்கும் இவருக்கும் விவாகரத்து ஆகியிருக்கா?"

"அதெல்லாம் ஆகலீங்க" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரிந்தவரை விவாகரத்து என்பது பங்களாவாசிகள் முத்திரைக் காகிதத்தில் செய்கிற சமாச்சாரம். எங்களுக்குத் 'தீர்த்து உடுறது'தான். இரண்டும் ஒன்று என்று எனக்கு யார் சொன்னார்கள்? என் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். டைப் அடிக்கிறவர் அடித்துக்கொண்டே போனார்.

"அப்போ புருஷன் உயிரோட இருக்கும்போதே இன்னொருத்தரோட குடும்பம் நடத்துறே. அந்த வீட்டுல ஒரு பெண்குழந்தை வளரணும்கிறே."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. அவமானத்தைவிட, என் வாயாலேயே பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டேனே என்றுதான் பதறினேன். "ஐயா, பெரியவங்க முன்னாடி துரும்பு கிள்ளியாச்சுங்க" என்று கத்தினேன். ஜட்ஜ் தெற்கத்திக்காரர் போல, எங்கள் பக்கத்து வழக்கம் தெரியவில்லை. "துரும்பா?" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

என் வக்கீல் எழுந்தார். எங்கள் ஜாதி வழக்கப்படி தீர்த்தது செல்லும், அதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது என்றார். அப்புறம் அவனைக் கூண்டில் ஏற்றினார்.

"இந்தம்மா இன்னும் உன் பெண்டாட்டின்னா, வெளியில உட்கார்ந்திருக்காங்களே, அவங்க யாரு? ரெண்டு பெண்டாட்டின்னா உன் கவர்மென்ட் வேலை நிலைக்குமா?"

அவன் வாசலைப் பார்த்தான். அவள் கதவோரம் வந்து நின்றுகொண்டு, அவன் என்ன சொல்லப் போகிறான் என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், அவளுக்கும் அங்கேதான் கழுத்தில் கத்தி. அவன் ஜட்ஜ் பக்கம் திரும்பினான். "தீர்த்தது நெசந்தான் சார். நான்தான் கிள்ளுனேன்" என்றான்.

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவன் இறங்கவில்லை. "துரும்பு எனுக்கும் அதுக்கும் நடுவுல கிள்ளுனது சார். கொயந்தய நான் எப்ப கிள்ளி உட்டேன்?" என்று கேட்டான்.

பெரியவர்கள் கூடிய அன்றைக்கே அவன் இதைக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பிள்ளை என்னோடுதான் இருக்க வேண்டும், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அழைத்துப் போகலாம் என்று தீர்ப்பானது. ஜெயித்துவிட்டோம் என்று என் வீட்டுக்காரர் ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். என் டீயையும் அவரிடமே நீட்டினேன்.

முதல் ஞாயிறு மகளை மீஞ்சூர் ரயில் ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டேன். அவனும் அவன் பெண்டாட்டியும் முன்னாடியே வந்து நின்றுகொண்டிருந்தார்கள். அவள் என் பக்கத்தில் வந்து, "அக்கா, என்னை அது இன்னான்னு கூப்டும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே அவள் ராத்திரியெல்லாம் தூங்கியிருக்க மாட்டாள் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "சின்னம்மான்னு கூப்டு கண்ணு" என்று மகளிடம் சொன்னேன்.

மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் வாம்மா" என்றாள்.

"அது உங்க அப்பா ஊடு. நான் வரக் கூடாது."

"ஏன்?"

"சாயங்காலம் இங்கயே நிப்பேன், போய்க்கினு வா" என்றேன். என்னை விடமாட்டாள், அழுது புரளுவாள், அவன் பார்க்கட்டும் என்று எனக்குள் ஒரு ஆசை இருந்தது. அவள் முந்தானையை விட்டாள். அவன் நீட்டிய விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கேட்டைத் தாண்டும்போது திரும்பி, சிரித்துக்கொண்டே எனக்கு டாட்டா காட்டினாள்.